டெனாலியின் ஒற்றைச் சாலை

வனத்தைக் காண வருகிறவர் எவ்வளவு பெரிய செல்வந்தராயினும் தம்முடைய காரை வழியில் நிறுத்திவிட்டு, முன்பின் அறியாத மனிதர்களோடு ஒரு பொது பஸ்ஸில் ஏறித்தான் உள்ளே போகவேண்டும் என்று விதித்து, அந்த விதியை அரை நூற்றாண்டுக்கு மேலாகக் காத்துவரும் தேசியப் பூங்கா ஒன்று அமெரிக்காவின் வடகோடியில் இருக்கிறது. அலாஸ்காவின் நடுப்பகுதியில், வட அமெரிக்கக் கண்டத்திலேயே உயரமான 20,310 அடிச் சிகரத்தைத் தன்னகத்தே கொண்டு, ஏறக்குறைய அறுபது லட்சம் ஏக்கர் விஸ்தீரணத்தில் பரந்து கிடக்கும் டெனாலிதான் அது. இத்தனை பெரிய பிரதேசத்துக்குள் செல்வதற்குச் சாலை ஒன்றே ஒன்று. அதன் நீளம் 92 மைல். முதல் 15 மைலுக்குத் தார் போட்டிருக்கிறார்கள், எஞ்சியது முழுவதும் சரளைக்கல் பாதை. அந்தச் சாலையில் ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு பகல் முழுவதும் பஸ்ஸில் போய்வந்த அனுபவத்தையும், அந்த அனுபவம் நமக்குக் கிடைக்கும்படி செய்துவைத்த சில மனிதர்களின் பிடிவாதத்தையும் இங்கே எழுதுகிறேன்.

ஆங்கரேஜ் நகரத்திலிருந்து பூங்காவின் வாசலுக்குச் சுமார் 240 மைல். நெடுஞ்சாலை வழியாகவும் போகலாம். ஆனால் 1923-ல் கட்டி முடித்த இருப்புப்பாதை இன்றும் இருக்கிறது. அதில் ஒரு பகல் பிரயாணம் செய்து மாலையில் பூங்கா ஸ்டேஷனில் இறங்கினேன். மறுநாள் காலை பஸ் புறப்படும் இடத்துக்குப் போனபோது குளிர் கடுமையாக இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் வண்டியைப் போன்ற அமைப்புடைய பச்சை நிற பஸ். மேலிருந்து கீழாக இறக்கிவிடும் கண்ணாடி ஜன்னல்கள். ஆடம்பரம் எதுவும் இல்லை. உள்ளே போனால் சோறு தண்ணீர் விலைக்குக் கிடைக்காது என்று முன்னதாகவே எச்சரிக்கிறார்கள். ஆகையால் எல்லோர் கையிலும் சாப்பாட்டு மூட்டையும் தண்ணீர்ப் புட்டியும் கம்பளிச் சட்டையும் இருந்தன.

பஸ்ஸை ஓட்டியவர் நடுத்தர வயதுள்ள ஓர் அம்மையார். கோடைதோறும் இந்தச் சாலையில் வண்டி ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர். புறப்படுமுன் எங்களிடம் சில விஷயங்களைத் தெளிவாகச் சொன்னார். மிருகத்தை யார் முதலில் கண்டாலும் கூச்சப்படாமல் ‘நிறுத்துங்கள்’ என்று உரக்கச் சொல்லவேண்டும். பஸ்ஸைக் கடிகாரத்தின் முகமாகப் பாவித்து, நேர்முன்னே பன்னிரண்டு மணி, வலப்பக்கம் மூன்று மணி, இடப்பக்கம் ஒன்பது மணி என்று திசை காட்டவேண்டும். வண்டி நின்றவுடன் பேச்சு அடங்கிவிட வேண்டும். கையையோ தலையையோ ஜன்னலுக்கு வெளியே நீட்டக்கூடாது. மிருகம் அருகில் இருக்கும்போது யாரும் இறங்கக்கூடாது. “நான் சாலையைப் பார்த்து ஓட்டவேண்டும், மலையைப் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள்” என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார். பல தேசத்தவர்கள் நிறைந்த அந்த பஸ்ஸில் கால் மணி நேரத்துக்குள் எல்லோரும் ஒரே குடும்பத்தாரைப்போல ஆகிவிட்டதற்கு அந்தச் சிறிய ஏற்பாடே காரணம் என்று நினைக்கிறேன். ஒருவர் கண்ட காட்சி மற்றவர் எல்லோருக்கும் சொந்தமாகிவிடுகிறது. தனிக்காரில் போகிறவருக்குத் தம்முடைய இரண்டு கண்கள் மட்டுமே துணை. இங்கேயோ வண்டி நிறையக் கண்கள்.

முதல் சில மைல்களுக்கு இருபுறமும் ஸ்ப்ரூஸ் மரக்காடு. அந்த மரங்களில் ஒரு பகுதி கோணல்மாணலாக, ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமும் சாய்ந்து நிற்கக் கண்டேன். இந்தப் பிரதேசத்தில் மேல்மண்ணுக்குக் கீழே ஆண்டு முழுதும் உருகாமல் உறைந்தே கிடக்கும் நிலம் உண்டு. அதில் எங்கேனும் ஐஸ் இளகினால் மேலே மண் இடம் பெயர்கிறது; மண் பெயர்ந்தால் ஆழமாக வேர்விட முடியாத இந்த மரங்கள் சாய்கின்றன. அப்போது இதை ஒரு விநோதக் காட்சியாகவே பார்த்துக்கொண்டு போனேன். அதன் பொருள் எவ்வளவு பெரிது என்பது பஸ் திரும்பும் இடத்தில்தான் விளங்கிற்று.

அந்தக் காட்டோரத்திலேயே முதல் தரிசனம் கிடைத்தது. மூஸ் என்று அழைக்கப்படும் மாபெரும் மான். மான் ஜாதியிலேயே அதைவிடப் பெரிய உருவம் வேறில்லை. முழங்காலளவு வில்லோப் புதருக்குள் நின்றுகொண்டு, உள்ளங்கையை விரித்தாற்போன்ற அகன்ற கொம்புகளைத் தாங்கிய தலையை மெல்ல உயர்த்தி எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடியும் இலை மேய்வதில் ஈடுபட்டது. செப்டம்பரில் இணைசேரும் பருவம் தொடங்கியதும் இதே சாதுவான பிராணி யாரையும் அண்டவிடாத மூர்க்கமுடையதாகிவிடும் என்று ஓட்டுநர் அம்மையார் சொன்னார். ஒன்பதாவது மைலுக்கு அருகில், வானம் தெளிந்திருந்தால் பெரிய சிகரம் முதன்முதலாகத் தோன்றும். அன்று மேகம் விலகவில்லை. வருகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கே மலை முகம் காட்டும் என்று அவர் சொன்னபோது, ஏமாற்றம் எங்களுக்குள் பகிர்ந்துகொள்ளப்பட்டு இலேசாகிவிட்டது.

பதினைந்தாவது மைலில் சாவேஜ் ஆறு. தனியார் கார்கள் வரக்கூடிய எல்லை இதுதான். இங்கே ஒரு காவற்சாவடி இருக்கிறது. பஸ் சற்று நின்று அனுமதி பெற்றுப் பாலத்தைத் தாண்டியபோது, இந்த எல்லை எப்படி ஏற்பட்டது என்ற வரலாற்றை நினைத்துக்கொண்டேன். நெடுங்காலம் இங்கே ரெயிலில்தான் ஜனங்கள் வந்தார்கள், வந்தவர்களும் சொற்பம். 1957-ல் வெளியுலகச் சாலைகளோடு முதல் தொடர்பு ஏற்பட்டது. பிறகு ஆங்கரேஜையும் ஃபேர்பாங்க்ஸையும் இணைக்கும் நெடுஞ்சாலை 1971-ல் திறக்கப்பட்டதும், மறு ஆண்டே பார்வையாளர் தொகை ஏறக்குறைய இருமடங்காகியது. இந்த வெள்ளம் வரப்போவதை உணர்ந்த பூங்காவின் அதிகாரிகள் சாலையை அகலப்படுத்த முற்படவில்லை. 1972-ஆம் ஆண்டுப் பருவத்திலேயே, சாவேஜ் ஆற்றுக்கு அப்பால் தனிக்கார்களை நிறுத்தி, பஸ்களை விட்டார்கள். தம் காரில் தம் இஷ்டம்போல் போக வழக்கப்பட்ட ஒரு தேசத்தில் இது சாமானியமான துணிவன்று. இன்று இந்த எல்லைக்கு அப்பால் நாளொன்றுக்கு 160 வாகனங்களுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். பார்வையாளர் எண்ணிக்கை ஆறு லட்சத்தை எட்டிய ஆண்டுகளிலும் சாலையோரத்தில் கரடி அமைதியாகப் பழம் தின்றுகொண்டிருப்பதற்கு இந்தக் கட்டுப்பாடு முக்கியமான காரணம்.

ஆற்றைத் தாண்டியதும் மரங்கள் குறைந்து, பார்வைக்குத் தடையே இல்லாத வெளி விரிந்தது. கோடை குறுகிய இந்த நாட்டில் ஆகஸ்ட் கடைசியே இலையுதிர்காலம். முழங்காலுக்குமேல் வளராத பிர்ச்சுச் செடிகளும் புளூபெர்ரிப் புதர்களும் குங்குமமும் செம்மண்ணும் கலந்த நிறத்தில் மலையடிவாரம் வரை படர்ந்திருந்தன. வில்லோ இலைகள் பொன்னிறமாகியிருந்தன. முப்பதாவது மைலில் டெக்லனிகா ஆற்றங்கரையில் வண்டி நின்றது. ஓய்வு கொள்ளும் அந்த இடத்தில் மண்ணணில் ஒன்று வளைக்கு வெளியே நின்று கன்னங்களை உப்பவைத்துக்கொண்டு விதை சேகரித்துக்கொண்டிருந்தது. இன்னும் சில வாரங்களில் வளைக்குள் போய்ச் சுருண்டுகொண்டால், அடுத்த வசந்தம் வரை அதன் தேக உஷ்ணம் தண்ணீர் உறையும் நிலைக்கும் கீழே போய், ஆனாலும் ரத்தம் உறையாமல், உயிர் தங்கியிருக்குமாம். ஃபேர்பாங்க்ஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இதை அளந்து நிரூபித்திருக்கிறார்கள்.

டெக்லனிகாவுக்கு அப்பால் சாலை குறுகிவிடுகிறது. சிறிது தூரம் சென்றதும் சாலை நடுவிலேயே ஒரு கரிபூ வந்துகொண்டிருந்தது. ஐரோப்பாவின் வடக்கே ரெயின்டீர் என்று பழக்கி வளர்க்கிறார்களே, அந்த ஜாதியின் காட்டுப் பிறவி. அம்மையார் வண்டியை நிறுத்தி எஞ்சினையும் அணைத்துவிட்டார். அது ஒதுங்கவில்லை, நேரே எங்களை நோக்கி நடந்துவந்து, பஸ்ஸின் பக்கவாட்டில், ஜன்னலிலிருந்து சில முழ தூரத்தில், நிதானமாகக் கடந்து சென்றது. கோடை முழுதும் அதன் கொம்புகளைப் போர்த்திருந்த மெல்லிய ரோமத்தோல் உரியும் பருவம் அது. தோல் நார் நாராகக் கிழிந்து காதருகே தொங்கிக்கொண்டிருக்க, உரிந்த இடத்தில் கொம்பு புதிய ரத்தத்தால் செக்கச்செவேலென்று பளபளத்தது. ஒவ்வோர் அடி எடுத்துவைக்கும்போதும் அதன் காலிலிருந்து ‘டிக், டிக்’ என்று ஓர் ஓசை எழுந்தது; பாதத்து எலும்பின்மேல் தசைநார் வழுகுவதால் உண்டாகும் அந்த ஓசையை, நிறைந்த அந்த பஸ்ஸில் ஒவ்வொருவரும் தெளிவாகக் கேட்டோம். அதன் மூச்சுக்காற்று குளிரில் ஆவியாகப் போவதையும், குளம்பு இரண்டாக அகன்று சரளையில் பதிவதையும் பார்த்தேன். எத்தனை நூல்கள் படித்தாலும் அந்த ஓசை காதில் விழப்போவதில்லை.

இக்லூ பள்ளத்தாக்கில் பாறைச் சரிவுகளின் உச்சியில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தவை டால் ஆடுகள். தூரதர்சினிக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது ஒரு கிடா, சுருண்ட கொம்புகளுடன், கீழே அதலபாதாளம் இருப்பதைப் பொருட்படுத்தாமல் ஒரு பாறை விளிம்பில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. இந்த ஆடுகள் இல்லாவிட்டால் பூங்காவே இல்லை. சார்லஸ் ஷெல்டன் என்ற வேட்டைக்காரரும் இயற்கை ஆராய்ச்சியாளருமானவர் 1906-ல் இவற்றைத் தேடி இங்கே வந்தார். மறு ஆண்டு திரும்பி வந்து டோக்லாட் ஆற்றங்கரையில் ஒரு மரக்குடிசை கட்டிக்கொண்டு கடுங்குளிர்காலம் முழுவதையும் கழித்தார். சுரங்க முகாம்களுக்கு மாமிசம் விற்பதற்காக ஆடுகள் கூட்டம் கூட்டமாகச் சுடப்படுவதைக் கண்ட அவர், ஊர் திரும்பியபின் பல ஆண்டுகள் இடைவிடாமல் முயன்றதன் பயனாக 1917 பிப்ரவரி 26-ஆம் தேதி இந்தப் பூங்கா சட்டத்தால் ஏற்பட்டது. காட்டில் அவருக்கு வழிகாட்டிய ஹாரி கார்ஸ்டென்ஸ் என்பவரே பின்னர் பூங்காவின் முதல் தலைமை அதிகாரியானார். ஆதியில் வகுத்த எல்லைக்குள் பெரிய சிகரத்தின் மலைத்தொகுதி முழுவதும் அடங்கவில்லை. 1980-ல் பூங்காவை விஸ்தரித்தபோதுதான் அது முழுமையாக உள்ளே வந்தது. மலையின் அழகுக்காக அல்ல, மிருகங்களின் உயிருக்காகவே இந்தப் பூங்கா உண்டாயிற்று என்பதை வருகிறவர்கள் மனத்தில் கொள்ளவேண்டும்.

சேபிள் கணவாய் முப்பத்தொன்பதாவது மைலில் இருக்கிறது. கரடிகள் மிகுதியாக நடமாடும் இடமாகையால், சாலையை விட்டு இறங்கி நடக்க இங்கே யாருக்கும் அனுமதி இல்லை. “நிறுத்துங்கள், இரண்டு மணி” என்று எனக்கு முன் இருக்கையிலிருந்த ஒரு சிறுமி கூவினாள். வலப்புறத்துச் சரிவில், வெளுத்த தேன் நிறத்து ரோமத்தோடு ஒரு தாய்க் கிரிஸ்லியும், அதன் பின்னே பழுப்பு நிறக் குட்டிகள் இரண்டும். கரடி என்றதும் வேட்டையாடிக் கொன்று தின்னும் மிருகம் என்றே நாம் எண்ணுகிறோம்; ஆனால் இங்குள்ள கரடிகளின் ஆகாரத்தில் பெரும்பகுதி கிழங்கும் புல்லும் பழமுமே. கடைசிக் கோடையில் சோப்பெர்ரி என்ற சிவந்த சிறு பழமே பிரதானம். தாய்க்கரடி ஒரு புதரை முன்காலால் வளைத்து, உதடுகளால் கிளையை உருவி, பழத்தை வாயில் விட்டுக்கொண்டு இலையைத் துப்பியது. அடுத்த புதருக்கு நகர்ந்தது. மீண்டும் அதே வேலை. குட்டிகளில் ஒன்று தாயைப் பார்த்து அவ்வாறே செய்ய முயன்று, இலையும் பழமுமாகச் சேர்த்து மென்றது. அக்டோபரில் குகை புகுந்தால் ஏப்ரல் வரை உணவில்லை. அந்த ஆறு மாதத்துக்கு வேண்டிய கொழுப்பை இந்தச் சில வாரங்களில் இத்தனை சிறிய பழங்களைக்கொண்டு சேர்க்கவேண்டும் என்பதை எண்ணினால், அதன் கவனத்தை ஒரு நிமிஷம் கலைப்பதுகூட அபராதமாகத் தோன்றியது. ஏறக்குறைய அரை மணி நேரம் நின்றோம். ஒருவரும் பேசவில்லை. அந்தக் கரடி ஒருதரமேனும் தலை நிமிர்ந்து பஸ்ஸைப் பார்க்கவில்லை.

நடந்து செல்கிறவர்கள் கரடியிடமிருந்து 300 கெஜ தூரமாவது விலகி நிற்கவேண்டும் என்பது சட்டம். பூங்கா ஏற்பட்டது முதல் 2012 வரை 95 ஆண்டுக் காலத்தில் கரடியால் ஒரு மரணமும் நேரவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் நேர்ந்த ஒன்று, விலகிப்போகாமல் நெருக்கத்தில் நின்று படமெடுத்துக்கொண்டிருந்த ஒரு நடைப்பயணிக்கு நேர்ந்தது. தூரம் காப்பது மிருகத்துக்கு மரியாதை. மனிதனுக்கும் அதுவே க்ஷேமம்.

நாற்பத்துமூன்றாவது மைலில், ஈஸ்ட் ஃபோர்க் ஆற்றுப் பாலத்தருகே, பஸ் திரும்புகிறது. பனிப்பாறைகள் அரைத்த பொடி கலந்து பால்போல் வெளுத்த நீர், பல கிளைகளாகப் பிரிந்தும் கூடியும் அகன்ற சரளைப் படுகையில் ஓடிக்கொண்டிருந்தது. அடால்ஃப் மூரி என்ற பிராணி சாஸ்திரியின் பெயரோடு பிரிக்கமுடியாதபடி இணைந்த இடம் இது. ஓநாய்கள் ஆடுகளை அழித்துவிடுகின்றன, ஆகையால் ஓநாய்களைக் கொன்றொழிக்க வேண்டும் என்று பலர் வற்புறுத்திய காலத்தில், உண்மையை ஆராய்ந்துவர 1939-ல் அவரை அனுப்பினார்கள். ஈஸ்ட் ஃபோர்க்கில் ஓநாய்க் குடும்பம் ஒன்றின் வளையைத் தூரத்திலிருந்து இரவும் பகலும் கவனித்தும், மலைகளில் கிடந்த 829 ஆட்டு மண்டையோடுகளைச் சேகரித்து வயது கணித்தும், ஓநாய்க்கு இரையாகிறவை பெரும்பாலும் கிழடும் நோயுற்றதும் இளங்குட்டியுமே என்று அவர் நிரூபித்தார். 1944-ல் வெளிவந்த அவருடைய நூல் ஓநாயைப் பற்றிய உலகத்தின் எண்ணத்தையே மாற்றத் தொடங்கிற்று. அதே மூரிதான், பிற்காலத்தில் இந்தச் சாலையை நெடுஞ்சாலையாக்கத் திட்டம் வந்தபோது உறுதியாக எதிர்த்தவர். அகலப்படுத்தும் வேலை டெக்லனிகாவோடு நின்றதும், அதற்கப்பால் சாலை இன்றளவும் குறுகலாகவே இருப்பதும் அவரும் அவரைப் போன்றவர்களும் செய்த எதிர்ப்பின் பலன்.

பஸ் இங்கேயே திரும்புவதற்குக் காரணம் வேறு. இதற்கு இரண்டு மைல் அப்பால், ப்ரெட்டி ராக்ஸ் என்னுமிடத்தில், மலைச்சரிவு சாலையையும் சேர்த்துக்கொண்டு கீழே சரிந்துகொண்டிருக்கிறது. 2014-க்கு முன் ஆண்டுக்குச் சில அங்குலம் நகர்ந்த மண், பிறகு மாதத்துக்கு, வாரத்துக்கு, நாளுக்கு என்று வேகம் பெற்று, 2021-ல் மணிக்கு அரை அங்குலத்துக்கு மேலேயும் நகர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் சாலையை மூடிவிட்டார்கள். சரிவைத் தாண்டிச்செல்ல 475 அடி நீளமுள்ள எஃகுப் பாலத்தின் வேலை 2023-ல் தொடங்கிற்று. காலையில் சாய்ந்த மரங்களாகக் கண்ட அதே விஷயம்தான் இங்கே மலையையே பெயர்க்கிறது. பூமி சூடேற ஏற, பல்லாயிரம் ஆண்டுகள் உறைந்து பாறையைப் பிணைத்திருந்த ஐஸ் உருகுகிறது. சாலையில் கார்களை நிறுத்திய மனிதர்களால், எங்கோ உலகத்தின் நகரங்களிலிருந்து எழும் வெப்பத்தை வாசலில் நிறுத்த முடியவில்லை.

ஈஸ்ட் ஃபோர்க்கில் நான் பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டேன். இந்தப் பச்சை பஸ்களில் அது ஒரு பெரிய வசதி: தடைசெய்யப்படாத எந்த இடத்திலும் இறங்கி நடக்கலாம், திரும்பச் சாலைக்கு வந்து, இடமுள்ள அடுத்த பஸ்ஸைக் கைகாட்டி ஏறிக்கொள்ளலாம். ஆற்றுப் படுகையில் வெகுநேரம் நடந்தேன். ஈர மணலில் கரிபூவின் குளம்படிகளும், அவற்றுக்குக் குறுக்கே என் உள்ளங்கையளவு அகன்ற ஓநாயின் காலடிகளும் பதிந்திருந்தன. ஓநாயைக் காணவில்லை. பூங்காவின் வடகிழக்கு எல்லைக்கு வெளியே ஓநாய்களைப் பொறி வைத்துப் பிடிக்கக் கூடாதென்று 2000 முதல் ஒரு காப்பு வளையம் இருந்தது. 2010-ல் மாநில அரசின் வேட்டை வாரியம் அதை நீக்கிவிட்டது. அதன்பின் சாலையிலிருந்து ஓநாயைக் காண்பது மிகவும் அபூர்வமாகிவிட்டது என்று பூங்காவில் வேலை செய்கிறவர்கள் வருத்தத்தோடு சொன்னார்கள். ஓநாய்க்கு எல்லைக்கோடு தெரியாது. கோட்டுக்கு அந்தப்புறம் நாம் செய்வதும் இந்தப்புறத்துக் காட்சியைத் தீர்மானிக்கிறது.

மாலையில் வேறொரு பஸ்ஸில் இடம் கிடைத்துத் திரும்பினேன். டெனாலிக்குப் போக நினைக்கும் வாசகர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்லி முடிக்கிறேன். பஸ் போக்குவரத்து மே மாத நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை உண்டு. நிறங்களையும் கொம்புகளையும் பார்க்க விரும்புவோர் ஆகஸ்ட் கடைசியில் போவது உத்தமம். டிக்கெட்டை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். அதிகாலை வண்டியில் போங்கள். உணவும் நீரும் குளிர்காக்கும் உடையும் கையில் இருக்கட்டும். எந்தப் பக்கத்து ஜன்னல் நல்லது என்று கவலைப்பட வேண்டாம். உங்கள் பக்கம் தெரியாததை அடுத்த பக்கத்தார் இடம் விட்டுக் காட்டுவார்கள். கரடி எதுவும் கண்ணில் படவில்லையென்றாலோ, மலை மேகத்தை விட்டு வெளிவரவில்லையென்றாலோ குறைப்படாதீர்கள். காட்டு மிருகங்களின்மேல் அன்புடையவர்கள் தம் சௌகரியத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தால்தான் அந்த மிருகங்கள் நிலைக்கும் என்பதை டெனாலி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் நிரூபித்து வந்திருக்கிறது. நாமும் அந்தச் சம்மதத்தோடேயே எந்த வனத்துக்குள்ளும் காலடி வைக்கவேண்டும்.